தேசிய நூலகமும் நம் வீட்டு ஓலைக்கட்டுகளும்

நமது இதழில் க்ஷேத்திரங்களைப் பற்றியும் மஹான்களைப் பற்றியும் பலர் அழகாக எழுதி வருகிறார்கள். இந்த முறை சற்று வேறு விதமாக, புஸ்தகங்களின் சரித்திரத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. ஒரு தேசத்தில் அச்சாகும் புஸ்தகங்களெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன? அவற்றை யார் காப்பாற்றுகிறார்கள்? அந்தப் பெரிய பொக்கிஷத்தில் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? கேரளத்தின் தென்கோடியான பொழியூரில் உட்கார்ந்துகொண்டு கல்கத்தாவில் உள்ள நூலகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். படித்து முடிக்கும்போது, அந்த நூலகத்துக்கும் நம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கும் உள்ள தொடர்பு புரியும் என்று நம்புகிறேன்.

நூலகம் பிறந்த கதை

இன்று தேசிய நூலகம் என்று நாம் அழைப்பது ஒரே நாளில் தோன்றியதல்ல. அதன் மூலம் 1836ஆம் ஆண்டு தொடங்கிய கல்கத்தா பொது நூலகம். அது சர்க்கார் நூலகம் அல்ல. ஊர்ப் பிரமுகர்கள் பணம் போட்டு ஆரம்பித்தது. 300 ரூபாய் கொடுத்தவர்கள் அதன் பங்குதாரர்கள். முதல் பங்குதாரர் மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர். அந்தக் காலத்து 300 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்போது கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்த மெட்காஃப், வில்லியம் கோட்டைக் கல்லூரி நூலகத்திலிருந்து 4,675 புஸ்தகங்களை இந்தப் புதிய நூலகத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அதுதான் அஸ்திவாரம். அவர் பெயரால் கட்டப்பட்ட மெட்காஃப் ஹாலில் பிற்பாடு நூலகம் இயங்கியது.

இதனிடையே, 1891இல் சர்க்காரின் பல இலாகா நூலகங்களை ஒன்று சேர்த்து இம்பீரியல் நூலகம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆனால் அதை உயர் அதிகாரிகள்தான் பயன்படுத்த முடிந்தது. வைஸ்ராயாக வந்த கர்சன் பிரபு இரண்டையும் பார்த்தார். ஒன்றில் நல்ல புஸ்தகங்கள் உண்டு, படிக்க ஆட்களுக்கு அனுமதி இல்லை. மற்றொன்றில் அனுமதி உண்டு, பராமரிக்கப் பணம் இல்லை. இரண்டையும் இணைத்து 1903 ஜனவரி 30ஆம் தேதி மெட்காஃப் ஹாலில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். வங்காளத்தைப் பிரித்தவர் என்று கர்சனை நாம் சரித்திரத்தில் படிக்கிறோம். நூலகங்களைச் சேர்த்தவரும் அவரே என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

முதல் நூலகர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து வந்த ஜான் மாக்ஃபர்லேன். அவருக்குப் பின் 1907இல் பொறுப்பேற்ற ஹரிநாத் தே, அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். 34 மொழிகள் அறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆயுள் மட்டும் அற்பம். 34 வயதில், 1911இல் காலமானார். வயதுக்கு ஒரு மொழி என்று கணக்கு ஒத்துப்போகிறது!

அதன்பின் நூலகம் நாடோடி போல இடம் மாறியது. 1923இல் எஸ்பிளனேடுக்குப் போயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சித்தரஞ்சன் அவென்யூவில் உள்ள ஜபாகுஸும் கட்டிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் தனிச் சட்டம் இயற்றி, இம்பீரியல் என்ற பெயரை நீக்கித் தேசிய நூலகம் என்று பெயர் சூட்டினார்கள். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. நூலகத்துக்கு அலிப்பூரில் உள்ள பெல்வடேர் மாளிகை ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னர்கள் வாழ்ந்த அரண்மனை அது. அதன் அருகில்தான் 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியுடன் துவந்த யுத்தம் செய்தார்கள். பிரான்சிஸ் காயத்தோடு தப்பினார். 1953 பிப்ரவரி 1ஆம் தேதி கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அங்கே நூலகத்தைத் திறந்து வைத்தார். 2004 முதல் அதே வளாகத்தில் எழுந்துள்ள பாஷா பவன் என்ற புதிய கட்டிடத்தில் நூலகம் இயங்கி வருகிறது.

2010இல் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய மாளிகையைப் பழுதுபார்த்த தொல்லியல் துறையினர், கீழ்த் தளத்தில் கதவோ ஜன்னலோ இல்லாத ஓர் அறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரகசிய அறை, புதையல், தண்டனை அறை என்று பத்திரிகைகளில் பரபரப்பாக எழுதினார்கள். மறு வருஷம் துளையிட்டுப் பார்த்தால் உள்ளே வெறும் மண். கட்டிடத்தைத் தாங்குவதற்காக அந்தக் காலத்திலேயே மண்ணைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். புதையல் அறைக்குள் இல்லை, அலமாரிகளில்தான் இருக்கிறது.

என்னென்ன இருக்கிறது?

இன்று தேசிய நூலகத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான புஸ்தகங்கள் உள்ளன. இந்திய மொழிகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, தமிழுக்கும் உண்டு. இவை தவிர, பெரியவர்கள் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்த சொந்த நூலகங்களை அவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ கொடுத்திருக்கிறார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற துணைவேந்தர் ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் சுமார் 80,000 புஸ்தகங்களை அவர் குடும்பத்தார் 1949இல் அளித்தார்கள். வர்த்தமான் ஜில்லாவில் புஹார் என்ற கிராமத்து ஜமீன் குடும்பம் சேர்த்த அரபு, பாரசீகச் சுவடிகள் தனித் தொகுதி. சரித்திர மேதை ஜதுநாத் ஸர்காரின் தொகுதி, தேஜ் பகதூர் ஸாப்ருவின் கடிதங்கள் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலில் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும் பெயர் ஒன்று உண்டு. எஸ். வையாபுரிப் பிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் சிக்கநாயக்கன்பேட்டையில் 1891இல் பிறந்த அவர், வக்கீல் பரீட்சை தேறி முதலில் தொழில் நடத்தியது நம் திருவனந்தபுரத்தில். பகலில் கோர்ட்டு, மற்ற நேரமெல்லாம் தமிழ்ச் சுவடி. 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவு பெற்றன. பின்னர் 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் திருவனந்தபுரத்துக்கே வந்தார். 1956இல் காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த அச்சு நூல்களும் சுவடிகளும் இன்று கல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயராலேயே தனித் தொகுதியாக உள்ளன.

திருவனந்தபுரத்து வக்கீல் ஒருவர் பைசா பைசாவாகச் சேர்த்த ஏடுகள் ஹூக்ளி நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கேயே இருந்திருந்தால் பாகப் பிரிவினையில் எத்தனை கூறாகியிருக்குமோ! இன்று பட்டியலில் ஓர் இடத்தில் இருக்கிறது. தேடுகிறவனுக்குக் கிடைக்கிறது.

கேசவனும் ரங்கநாதனும்

தேசிய நூலகம் என்ற பெயர் வந்தபின் அதன் முதல் நூலகராக இருந்தவர் பி.எஸ். கேசவன். நூல்களைச் சேர்த்தால் மட்டும் போதாது, நாட்டில் என்னென்ன நூல்கள் வந்திருக்கின்றன என்ற பட்டியல் வேண்டும் என்று கருதி, இந்திய தேசிய நூற்பட்டியலைத் தொடங்கியவர் அவர். அதன் முதல் வெளியீடு 1958இல் வந்தது. பதினான்கு மொழிப் புஸ்தகங்களை ஒரே பட்டியலில் எப்படி அடுக்குவது? தமிழ் எழுத்து வங்காளிக்குத் தெரியாது, வங்க எழுத்து நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ரோமன் லிபியில் எழுதி அடுக்குவது என்று முடிவு செய்தார்கள். ஒரு தலைப்பைத் தேடினால் அசாமியிலிருந்து தமிழ் வரை அது பற்றிய நூல்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

புஸ்தகங்களை வகைப்படுத்தும் சாஸ்திரத்தில் உலகத்துக்கே வழிகாட்டியவர் ஸ்ரீ எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். புஸ்தகங்கள் பயன்படுவதற்காக உள்ளவை, ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய புஸ்தகம் உண்டு, ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் உரிய வாசகன் உண்டு என்று போகும் அந்த விதிகளை இன்று உலகெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். மூன்றாவது விதியை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

சட்டம் கொண்டு வந்ததும் கொண்டு வராததும்

ஒரு நாட்டில் அச்சாகும் எல்லாப் புஸ்தகமும் ஒரு நூலகத்துக்கு வந்து சேர வேண்டுமானால் சட்டம் வேண்டும். 1867இல் பிரிட்டிஷ் சர்க்கார் அச்சகங்களையும் புஸ்தகங்களையும் பதிவு செய்யும் சட்டம் கொண்டு வந்தது. அச்சிடுவோர் மாகாண சர்க்காருக்குப் பிரதிகள் கொடுக்க வேண்டும். அவற்றில் பல லண்டனுக்குப் போயின. இன்றைக்கும் நம் ஊரில் கிடைக்காத பழைய தமிழ்ப் புஸ்தகம் லண்டனில் கிடைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதில் ஒரு விஷயம் நம் பகுதியைப் பொறுத்தவரை முக்கியம். அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான். திருவிதாங்கூர் சமஸ்தானம் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் அச்சான ஸ்தோத்திரப் புஸ்தகம், கும்மிப் பாட்டு, பஞ்சாங்கம், ஸ்தல புராணம் இவற்றை மதராஸில் அச்சானவற்றைப் போல அந்தச் சட்டம் கேட்டு வாங்கவில்லை. நம் பாட்டிமார் மடியில் வைத்துப் பாராயணம் செய்த சின்னச் சின்னப் புஸ்தகங்களில் பல, வீட்டில் கிழிந்ததோடு உலகத்தை விட்டே போய்விட்டதற்கு இது ஒரு காரணம்.

சுதந்திரத்துக்குப் பின் 1954இல் புஸ்தகங்களை ஒப்படைக்கும் சட்டம் வந்தது. 1956இல் பத்திரிகைகளையும் அதில் சேர்த்தார்கள். ஒரு நூலை வெளியிட்டவர், வெளியான முப்பது நாட்களுக்குள் தம் செலவில் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை டவுன் ஹால் நூலகம், டில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்று சட்டத்தில் எழுதினார்கள். 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? தபால் செலவே அதற்கு மேல் ஆகும். ஆகையால் அனுப்புவோர் பெரிய பதிப்பகத்தார்தான். சொந்தச் செலவில் முந்நூறு பிரதி அச்சிட்டு உபநயனத்திலும் ஷஷ்டியப்தபூர்த்தியிலும் விநியோகம் செய்யும் நம்மவர்கள் அனுப்புவதில்லை. குடும்ப வம்சாவளி, அக்ரஹார சரித்திரம், பெண்டுகள் பாடல் தொகுப்பு என்று வேறெங்கும் கிடைக்காத விஷயம் உள்ளவை இந்த முந்நூறு பிரதிகள்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

அருகிலேயே இருந்த பொக்கிஷம்

அச்சுப் புஸ்தகத்தைச் சட்டம் கொண்டு வரும். ஓலைச்சுவடியை எந்தச் சட்டமும் கொண்டு வராது. அதற்கு ஒரு மனிதர் வீடு வீடாகப் போக வேண்டும். அப்படிப் போனவர்தான் மஹாமஹோபாத்யாய தருவை கணபதி சாஸ்திரிகள்.

திருநெல்வேலி ஜில்லா தருவையில் 1860இல் பிறந்த சாஸ்திரிகள் இளம் வயதிலேயே திருவனந்தபுரம் வந்தார். ஸம்ஸ்கிருதக் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1908இல், ஸம்ஸ்கிருதச் சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்கத் தனி இலாகா ஏற்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. திருவனந்தபுரம் ஸம்ஸ்கிருத வரிசை என்று உலகம் அறிந்த நூல் வரிசையில் எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் பதிப்பித்தார்.

1909இல் அவர் பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்துக்குப் போனார். பாறசாலையிலிருந்து தக்கலை பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத் தூரம். அங்கே மலையாள எழுத்தில் எழுதிய ஒரு பழைய ஓலைக்கட்டு அவர் கையில் கிடைத்தது. 105 ஓலைகள். பிரித்துப் படித்தால் பத்து நாடகங்கள் முழுமையாகவும் பதினொன்றாவது பாதியிலும் இருந்தன. அவற்றில் ஒன்று ஸ்வப்ன நாடகம். காளிதாஸன் தன் மாளவிகாக்னிமித்ர நாடகத்தின் தொடக்கத்தில் பாஸன் என்ற முன்னோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். பாஸனின் ஸ்வப்னவாஸவதத்தத்தைப் பழைய கவிகள் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் நூல் எங்கும் இல்லை. தேசமே தொலைந்துபோனதாக நினைத்திருந்த அந்த நாடகம் மணலிக்கரையில் ஒரு கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது! மேலும் தேடி வேறு இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து, 1912 முதல் பதின்மூன்று நாடகங்களை பாஸ நாடகங்கள் என்று சாஸ்திரிகள் வெளியிட்டார். பதின்மூன்றும் பாஸனுடையவைதானா என்று பண்டிதர்கள் நூறு வருஷமாக வாதம் செய்கிறார்கள். வாதம் செய்யவாவது நூல் கையில் இருக்கிறதே, அதுவே சாஸ்திரிகள் செய்த உபகாரம்.

அதோடு நிற்கவில்லை. காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாஸம் என்ற ஹாஸ்ய நாடகத்தை 1917இல் அச்சில் கொண்டு வந்தார். பல்லவ ராஜாவின் நாடகத்தைக் கேரளத்துச் சாக்கியார்கள்தான் கூத்தம்பலத்தில் ஆடிக் காப்பாற்றி வந்தார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை ஸ்ரீமூலா என்ற தம் சொந்த உரையோடு வெளியிட்டார். ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1926இல் காலமானார். அவர் தொடங்கிய அந்தச் சேகரம்தான் இன்று காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் சுவடி நூலகமுமாக விளங்குகிறது. 65,000க்கும் மேற்பட்ட சுவடி நூல்கள் அங்கே உள்ளன. கிரந்தம், மலையாளம், வட்டெழுத்து, தமிழ், தேவநாகரி என்று எல்லா லிபியும் உண்டு.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மணலிக்கரை அந்தப் பக்கம், அதன் சுவடி இந்தப் பக்கம். ராஜ்ய எல்லை கொல்லங்கோட்டுக்கும் பொழியூருக்கும் இடையில் ஓடுகிறது. ஓலைக்கு எல்லை கிடையாது.

ஆயிரம் வருஷத்துப் பாடசாலை

நம் பகுதிக்கு வித்தை புதிதல்ல. பொழியூரிலிருந்து கொல்லங்கோடு தாண்டிப் போனால் முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. விஷ்ணு கோவில் உள்ள அழகான ஊர். கி.பி. 866இல் ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் அங்கே கோவிலும், அதோடு ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் இங்கே வேதம் கற்கும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து அமைத்த இதில் 95 சட்டர்களுக்கு இடம். பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள். நடத்தை விதிகளும் உண்டு. ஆயுதத்தோடு கூடத்துக்கு வரக்கூடாது என்பது ஒன்று.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? தாமிரப் பட்டயம் ஒன்று தப்பிப் பிழைத்ததால் தெரியும். திருவனந்தபுரம் ஹுஜூர் கச்சேரியில் இருந்த அந்தத் தமிழ்ப் பட்டயத்தை டி.ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் வெளியிட்டார். 95 பேர் தலைமுறை தலைமுறையாகப் படித்த ஓலைகளில் ஒன்று கூட நம்மிடம் இல்லை. செம்பில் எழுதிய சட்டதிட்டம் நின்றது, ஓலையில் எழுதிய வித்தை போயிற்று. ஓலையின் ஆயுள் நம் ஈரமான சீதோஷ்ணத்தில் சில நூறு வருஷங்கள்தான். அதற்குள் யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் படி எடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் போதும், ஆயிரம் வருஷத்து நூல் அற்றுப் போகும்.

எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1970களில் பழைய வீட்டைப் பிரித்தபோது பரண் மேலிருந்து சிவப்புத் துணியில் கட்டிய மூன்று ஓலைக்கட்டுகளை இறக்கினார்கள். கிரந்த எழுத்து. வீட்டில் அப்போது இருந்த ஆண்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. பெரியவர்கள் பூஜை செய்தது, குப்பையில் போடக்கூடாது என்று சொல்லி என் அத்தை மஞ்சள் குங்குமம் இட்டு, நெய்யாற்றில் கொண்டு போய் விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். படிக்க முடியாத ஏட்டை ஆற்றில் விடுவது பக்தி என்றே அக்காலத்தில் நினைத்தார்கள். ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தைப் பற்றி மஹாமஹோபாத்யாய உ.வே. சாமிநாதையரும் வேதனையோடு எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுகளில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வெறும் ஸ்ராத்தப் பிரயோகமாக இருக்கலாம். மணலிக்கரைக் கட்டும் பிரித்துப் பார்க்கும் வரை வெறும் கட்டுதானே!

ஒரே இடத்தில் வைத்தால் போதுமா?

நூலகத்தில் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது சுமார் 97,000 புஸ்தகங்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு போயின. பிரதி இருந்தவை பிழைத்தன. ஆகவே ஒன்றுக்கு நான்கு இடத்தில் இருக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது நல்ல யோசனை. அந்த நான்கில் ஒன்று கூடக் கேரளத்தில் இல்லை என்பது நம் துரதிர்ஷ்டம். ஆனால் 1829லேயே ஸ்வாதித் திருநாள் மகாராஜா காலத்தில் பொது நூலகம் கண்ட ஊர் திருவனந்தபுரம். கல்கத்தா பொது நூலகத்துக்கு ஏழு வருஷம் மூத்தது. பாளையத்தில் சிவப்புக் கட்டிடத்தில் மாநில மத்திய நூலகம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நம் பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே அழைத்துப் போக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சுவடிகளைக் கணக்கெடுக்க மத்திய சர்க்கார் 2003இல் தேசிய சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்ற பெயரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். திட்டம் டில்லியிலிருந்து வரும். பரண் மேல் ஏறிப் பார்க்க வேண்டியது நாம்தான். அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் மூன்று.

முதலாவது, பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கத்துப் பழைய வீடுகளை விற்கும் முன்பு, பரண், பத்தாயம், பூஜை அறை அலமாரி மூன்றையும் ஒரு முறை பாருங்கள். ஓலைக்கட்டு இருந்தால் கயிற்றை அவிழ்த்து வரிசையைக் குலைக்காதீர்கள். தண்ணீர் பட்ட துணியால் துடைக்காதீர்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்து, காரியவட்டத்துச் சுவடி நூலகத்தாருக்குத் தெரிவியுங்கள். பெரியவர்கள் சொத்தை வெளியே கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் படம் எடுக்கவாவது அனுமதி கொடுங்கள். மூல ஓலை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, நம் குடும்பங்கள் அச்சிடும் மலர், வம்சாவளி, பாடல் தொகுப்பு எதுவானாலும் முதல் நான்கு பிரதிகளை அந்த நான்கு நூலகங்களுக்கும் ஐந்தாவதைத் திருவனந்தபுரத்துக்கும் அனுப்பிவிட்டு மற்றதை விநியோகம் செய்யுங்கள். பிள்ளையாருக்கு முதல் கொழுக்கட்டை போல இதை ஒரு நியமமாகவே வைத்துக்கொள்ளலாம். நமது இந்த இதழையும் அவ்வாறு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஐம்பது வருஷம் கழித்து, தென் திருவிதாங்கூரில் தமிழ் பேசிய ஒரு ஸமூஹம் எப்படி வாழ்ந்தது என்று எவனோ ஒரு மாணவன் தேடும்போது, நம் கல்யாணச் செய்தியும் இரங்கல் குறிப்பும்தான் அவனுக்கு ஆதாரம். ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் உரிய வாசகன் உண்டு என்று ரங்கநாதன் சொன்னதன் அர்த்தம் அதுதான். அந்த வாசகன் இன்னும் பிறக்காமல் கூட இருக்கலாம்.

மூன்றாவது, கிரந்த எழுத்து. நம் பாட்டனார்கள் சரளமாகப் படித்த லிபி இன்று நம் வீட்டில் அந்நியமாகிவிட்டது. மலையாள எழுத்து தெரிந்தவர்களுக்குக் கிரந்தம் பாதி தெரிந்த மாதிரிதான். இரண்டும் ஒரே குடும்பம். இந்த வகையில் கேரளத்தில் வளர்ந்த நம் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட வசதி அதிகம். கோடை விடுமுறையில் ஸமூஹ மடத்தில் பத்து நாள் வகுப்பு நடத்தினால் போதும், எழுத்தைக் கூட்டிப் படிக்க வந்துவிடும். அடுத்த தடவை எந்த வீட்டிலாவது பரணிலிருந்து ஒரு கட்டு இறங்கும்போது, அது என்ன கிரந்தம் என்று சொல்ல ஒரு பையனோ பெண்ணோ பக்கத்தில் நிற்க வேண்டும். வகுப்பு எடுக்க முன்வருவோரும், இடம் கொடுக்க விரும்புவோரும் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுத்தால், வருகிற சித்திரையிலேயே தொடங்கிவிடலாம்.